சுவரை உராய்வற்றது எனக் கொள்க

கேள்வி எண் பதினேழு.
ஐந்து மீட்டர் ஏணி, இருபது கிலோ.
அடி, சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி.
தரையின் உராய்வுக் குணகம் அரை.
அறுபது கிலோ மனிதன் ஒருவன் ஏறுகிறான்.
ஏணி நழுவும் முன் எவ்வளவு தூரம் ஏறுவான்?
சுவரை உராய்வற்றது எனக் கொள்க.

கொள்கிறேன்.
ஆனால் கொளத்தூரில் அப்படியொரு சுவரை
இதுவரை நான் தொட்டதில்லை.
கண்ணீர் அஞ்சலியின் மேல் மஞ்சள் நீராட்டு,
அதன்மேல் மூலத்துக்கு வைத்தியம்,
பசை காய்ந்த விளிம்பெல்லாம் உள்ளங்கையைக் கீறும்.

பகலில் கேபிள் இழுக்கிறோம், நானும் தில்ஷாத்தும்.
அவன் பைக் ஓட்ட, பின்னால் நான்
இரண்டு படிகளுக்கு நடுவே தலையை நுழைத்து
ஏணியைக் கழுத்தில் மாட்டியிருப்பேன்.
பெரவள்ளூர் முனையில் வண்டி திரும்பும்போது
எல்லோருக்கும் ஒரே கோணத் திசைவேகம்தான்,
வால்நுனிக்கு மட்டும் அப்படியொரு அவசரம்.
போன வாரம் அது ஒரு டீக்கடைக்குள் புகுந்து
இரண்டு கிளாஸைத் தட்டிவிட்டது.
“ஆரம் ஜாஸ்திண்ணே” என்றேன்.
“நாப்பது ரூபா” என்றார்.

இரவு பதினொன்றரை. மூன்றாம் முறை எழுதும் அரியர்.
கரண்ட் போயிற்று.
விசிறி உடனே நிற்கவில்லை,
தன் நிலைமத்தைச் செலவழித்து முடிக்கும்வரை
இருட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.
போன் வெளிச்சத்தில் படம் வரைந்தேன்.
ஏணியின் எடை நடுவில்.
மனிதனின் எடை அவன் நிற்கும் படியில்.
தரை, யாரும் கேட்காமலே,
மேல்நோக்கி எண்ணூறு நியூட்டன் தருகிறது.

திருப்புவிசைக்கு ஒரு புள்ளி வேண்டும்.
தெரியாதவை கூடும் இடத்தில் போய் நில்,
உன் வழியாகவே போகிற விசை
உன்னைத் திருப்பாது.
அடிப்புள்ளியை எடுத்தேன்.
தரை மறைந்தது, உராய்வு மறைந்தது,
நாலே வரியில் விடை:
மூன்று மீட்டர், அறுபத்தோரு சென்டிமீட்டர்.

நேற்று நான் கடைசிப் படியில் நின்றேன்.

மழை விட்டுக் கால்மணி நேரம்.
பெட்டி எட்டவில்லை என்று இன்னும் எக்கினேன்.
அதே ஏணி. என் எடையும் அறுபதுதான்.
நழுவவில்லை.
கணக்கைத் திரும்பப் போட்டேன்; தப்பில்லை.
உச்சிவரை ஏற ஐந்நூற்று இருபத்தைந்து வேண்டும்.
தரையால் முடிந்தது நானூறு.
மிச்சம் நூற்று இருபத்தைந்து நியூட்டன்
எங்கிருந்து வந்தது?

கீழே,
வலது செருப்பை ஏணிக்காலில் முட்டுக்கொடுத்து,
“பத்தே நிமிஷம் சார்” என்று யாரிடமோ
அரை மணி நேரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்
தில்ஷாத்.

படத்தில் அவனைச் சேர்த்தேன்.
அடியில் ஒரு சின்ன அம்பு, சுவரைப் பார்த்து.
ஆனால் அடிப்புள்ளியிலிருந்து அவன் தூரம் சுழி.
சுழியால் பெருக்கியதும்
செருப்பு, கால், மேலே பார்க்காமலே அவன்
அசையாமல் நின்ற அந்த நிற்பு,
ஒன்றுமே சமன்பாட்டில் இல்லை.

அழித்தேன்.
உச்சியை எடுத்தேன், நான் நின்ற இடத்தை.
இந்த முறை காணாமல் போனது சுவர்,
கூடவே என் அறுபது கிலோ.
அவனுக்கு நான்கு மீட்டர் தூரம் கிடைத்தது.
கணக்கு இரண்டு வரி நீண்டது.
இந்தப் பக்கம் இரண்டாயிரத்து நானூறு.
அந்தப் பக்கமும்.

பரீட்சையில் வந்தால் அடிப்புள்ளிதான்.
பாஸாக வேண்டும், நேரமில்லை.

காலை எட்டரைக்குப் போன்:
“டேய், ஏணி யாராண்ட இருக்கு?”
என்னிடம்தான்.
வாசலில் படுத்திருக்கிறது,
எந்தச் சுவரையும் நம்பாமல்,
பாதி உடம்பு தெருவில்.